கை பொறுக்கும் சூடு

சங்குப்பூ விதைக்குத் தோல் கெட்டி. அப்படியே மண்ணில் போட்டால் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மாலையிலிருந்து காலை வரை ஊறவைத்துப் போட்டால் ஆறாம் நாளோ ஏழாம் நாளோ முளை தலைகாட்டும். பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இது எனக்குத் தெரியும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் விதை செத்துப்போகும் என்பதும் தெரியும். போன வருடம் மூன்று முறை அப்படிக் கொன்றேன். மூன்று முறையும் அந்த விதைகளை நட்டுவிட்டுக் காத்திருந்தவள் என் மனைவி. என் மகளுக்கு இது இன்னும் தெரியாது. நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு முன்ஜன்னல் கம்பியில் பன்னிரண்டு வருடமாகக் கொடி இருந்தது. நீலச் சங்கு, வெள்ளைச் சங்கு, நடுவில் மயில்மாணிக்கம். ஒன்று காய்ந்தால் அதன் விதையிலிருந்தே அடுத்தது ஏறிவிடும். எல்லாம் என் மனைவி போட்டவை. அவளைத் தெருவில் கைராசிக்காரி என்பார்கள். ஆடி பிறந்தால் பெண்கள் அவரை, புடலை, பீர்க்கன் விதைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வருவார்கள். முதல் விதையை அவள் கையால் போடவேண்டும். மற்றதை அவர்கள் போட்டுக்கொள்வார்கள். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீடுவீடாகப் போய் விரலால் மண்ணில் குழி செய்துவிட்டு வருவாள்.

எனக்கு அது பிடிக்காது. "விதைக்கு வேண்டியது தண்ணி, காத்து, சூடு. கையில இன்னா கீது?" என்று வந்தவர்கள் முன்னாலேயே கேட்பேன். அவள் எட்டாவது வரை படித்தவள். அவளை நான் கூப்பிட்ட பெயர் கைநாட்டு. கல்யாணமான வருடத்திலிருந்து அந்தப் பெயர்தான். ஒருமுறை என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தபோது, காபி கொண்டுவந்தவளை நிறுத்தி, ஜன்னலில் பூத்திருந்த சங்கின் அறிவியல் பெயரைச் சொல்லச் சொன்னேன். அவளுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். "உங்களுக்குத் தெரிஞ்சா சரிதானுங்க" என்றாள். நாலு பேரும் சிரித்தார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

போன வருடம் மாசியில் ஒரு காலை, கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து சொம்பு விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். கை வரவில்லை. வாயும் ஒருபக்கம் இழுத்தது. திருவள்ளூரில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பேச்சு திரும்பியது. காலும் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்கு வந்தது. வலது கை மட்டும் அப்படியே தொங்கியது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். நர்ஸ் அவளுடைய இடதுகைக் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி உருட்டினாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "நாப்பது வருசமா சொல்லிகினு இருந்தேன். கடைசில நெசமாவே கைநாட்டு ஆயிட்ட பாரு" என்றேன். நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கையில் இருக்கும் மையைத் துடைக்க இன்னொரு கை வேண்டும். அது அவளுக்கு இல்லை. நான் துடைத்துவிடவில்லை. திருத்தணியில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அந்தக் கட்டைவிரலைப் புடவையில் படாமல் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். நடுத்தர வயது, அதிகம் பேசமாட்டார். முதல் நாளே என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், மொத ஆறு மாசம்தான் முக்கியம். அதுக்குள்ள வர்றதுதான் வேகமா வரும். வுட்டுட்டா வெரல் மூடிக்கும், அப்புறம் தொறக்கறது கஷ்டம். சின்னச் சின்னப் பொருளா எடுக்கச் சொல்லுங்க. தெனமும்." அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். அவள் அதைத் தொடவில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தண்ணீர் இல்லாமல் கொடி முழுக்கக் காய்ந்துவிட்டிருந்தது. ஆனால் காய்கள் முற்றிச் சருகாகித் தொங்கின. பறித்துத் தரச்சொல்லி மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு காயை வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உடைக்கப் பார்த்தாள். முதல் நாள் ஒன்றுகூட உடையவில்லை. இடது கையால் உடைத்து, விதையை மட்டும் வலது கையால் எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட முயன்றாள். விதை வழுக்கி விழும். மறுபடி எடுப்பாள். பத்து நாளில் மூன்று விதை டப்பாவுக்குள் விழுந்தது. சித்திரை முடிவதற்குள் ஒரு காயை வலது கையாலேயே உடைத்து, உள்ளே இருந்த ஏழு விதைகளையும் எடுத்துப் போட்டாள். பயிற்சிக்காரர் பார்த்துவிட்டு, "பந்து வேணாம்மா. இதையே பண்ணுங்க" என்றார்.

எங்களுக்குப் பூக் கொடுக்கிற அம்மா கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிறவள். தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து என் மனைவியோடு பேசிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது.

"இன்னாம்மா, டப்பா ரொம்பிட்ச்சே. வியாபாரத்துக்கா?"

"போடறதுக்குடி. இந்தக் கையாலயே போடுவேன். மொளச்சிட்ச்சுன்னா கை வந்துட்ச்சுன்னு அர்த்தம். அப்புறம் பொண்ணு வூட்டுக்குப் போய்டுவேன்."

"எத்தினி நாளைக்கு?"

"போனா போனதுதான்."

"இப்பவே போயேன். பொண்ணு கூப்ட்டுகினுதானே கீது?"

"கை வெளங்காம மாப்ள வூட்ல போய் ஒக்காந்து துன்னவா? ஒரு காபி போட்டுக் குடுக்கற கையோட போவணும்."

"அப்ப சாரு?"

"சாருக்கு இன்னா, படிச்சவரு. சோத்துக்கு எவ்ளோ தண்ணி வெக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருப்பான், பாத்துக்குவாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மகள் அரக்கோணத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. அரைமணி நேரப் பயணம்தான். ஆனால் என் மனைவி போனால் திரும்ப மாட்டாள் என்பது அவள் குரலிலேயே இருந்தது. இந்த வீட்டில் நான் ஒருவனாக இருப்பதை நினைத்துப் பயந்தேன். 'போகாதே' என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையை அவளிடம் நான் எதற்காகவும் சொன்னதில்லை. பழக்கமில்லை. அதைவிட, பூ விற்கிறவள் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள் என்பதுதான் உள்ளே எரிந்தது.

வைகாசியில் ஒரு சாயங்காலம் ஒன்பது விதைகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். "கை பொறுக்கற சூட்ல தண்ணி வெச்சு ஊத்தி மூடிடுங்க" என்றாள். அவளால் பாத்திரம் தூக்க முடியாது. நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். முதலில் ஒன்றும் திட்டம் இல்லை. தண்ணீரில் குமிழ் வர ஆரம்பித்தபோது அணைத்திருக்கவேண்டும். அணைக்கவில்லை. கொதித்தது. ஒன்பது விதையையும் அதில் கொட்டி, மூடி போட்டு, அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு நின்றேன். அவரைக்கொட்டை வேகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. வடித்து, அந்த வாசனை போகப் பச்சைத் தண்ணீரில் மூன்று தடவை அலசி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

வெந்த விதை நன்றாக உப்பும். காலையில் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா அழகா ஊறிகீது பாருங்க" என்றாள். எனக்குக் காட்டினாள். நானும் குனிந்து பார்த்தேன்.

பழைய பெயின்ட் வாளியில் மண் இருந்தது. அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து வலது கை ஆள்காட்டி விரலால் குழி செய்தாள். விரல் நேராக நிற்காது, மடங்கும். மடங்கினால் எடுத்து மறுபடி வைப்பாள். ஒன்பது விதை போட முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிந்தபோது அவள் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் கிளறாமலிருக்க மேலே பழைய கொசுவலையைப் போட்டுக் கட்டச் சொன்னாள். கட்டினேன்.

பன்னிரண்டு நாள் பார்த்தாள். காலையில் பல் விளக்கும் முன்பே காலை இழுத்துக்கொண்டு வாளிக்கிட்டே போய் நிற்பாள். ஒன்றும் வரவில்லை. பதின்மூன்றாம் நாள், "கொரங்கு எதனா கைய வுட்ருக்குமா?" என்றாள். "வலை கட்டிகீது. எங்க வுடும்?" என்றேன்.

ஆனியில் மறுபடி ஒன்பது விதை. மறுபடி அதே அடுப்பு. இந்த முறை தயங்கவே இல்லை, விதை உள்ளே துள்ளும்படி நன்றாகவே கொதிக்கவிட்டேன். முளைக்கவில்லை என்று ஆன நாளில் அவள் வாளி முன்னால் உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று, வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில் சொன்னேன்: "வெதை நல்ல வெதை. மண்ணு நல்ல மண்ணு. தண்ணியும் ஊத்தறோம். மிச்சம் இன்னா?" நான் அவள் வலது கையைப் பார்த்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்தக் கையை இடது கையால் எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லை என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவன், எல்லாம் கையில்தான் இருக்கிறது என்று அன்று அவளை நம்பவைக்கப் பார்த்தேன்.

ஆடி பிறந்தது. எதிர்வீட்டு மருமகள் வழக்கம்போல அவரை விதையை மடித்துக்கொண்டு வந்தாள். கேட்டைத் திறந்தவள் கண்ணில் வெறும் வாளி பட்டுவிட்டது. கையிலிருந்த பொட்டலம் மெல்ல முந்தானைக்குள் போயிற்று. "சும்மாதான் அத்தே, ஒடம்பு எப்டி கீதுன்னு பாக்க வந்தேன்" என்றாள். என் மனைவி, "நல்லா கீறேன்மா" என்றாள். அவள் கண்ணும் அந்த முந்தானைமேல்தான் இருந்தது. நான் கேட் வரை கூடப் போய், உள்ளே கேட்கும்படியாகவே, "இந்த வருசம் வேற யார்னா நல்ல கையா பாத்துக்கம்மா" என்றேன். மருமகள் தெருவைக் கடந்து ஓடினாள்.

அதற்குப் பிறகும் மூன்றாவது தடவை ஒன்பது விதையைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். "தண்ணி நீங்களே வையுங்க" என்றாள். அவளால் முடியாது, நான்தான் வைக்கவேண்டும், இதை ஏன் சொல்கிறாள் என்று ஒரு நொடி தோன்றியது. அப்புறம் போய்க் கொதிக்கவைத்தேன். மறுநாள் அவற்றையும் வாளியில் போட்டாள்.

அந்தப் பத்துப் பதினைந்து நாளும் ஊரே நிறைந்திருந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் மலைக்குப் போவார்கள். மஞ்சள் உடுத்தி, பூக் கட்டிய காவடியைத் தோளில் வைத்து, தமிழிலும் தெலுங்கிலுமாக அரோகரா போட்டுக்கொண்டு போனார்கள். முந்தைய வருடங்களில் எங்கள் ஜன்னலிலிருந்து நாலு நீலச் சங்கு பறித்துக் காவடியில் செருகிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கிருத்திகையன்று ஒரு பெண் நின்று, ஜன்னலைப் பார்த்து, "கொடி எடுத்துட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். "ஆங்" என்றாள் என் மனைவி.

அன்றோடு காய் உடைப்பதை நிறுத்திவிட்டாள். டப்பாவை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயிற்சிக்காரர் வந்து அவள் கையைத் தூக்கிப் பார்த்தார். நாலு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியிருந்தன. பிரித்தால் வலித்தது. "இன்னா சார் இது? போன மாசம் நல்லா வந்துகினு இருந்துச்சே" என்று என்னைக் கேட்டார். "சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேன்றா" என்றேன். என் பொய்களில் இதுதான் மிகச் சுலபமாக வந்தது.

ஆவணி பிறந்து சில நாள் கழித்துப் பூக்கார அம்மா கூடையை இறக்கிவைக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். "அம்மாவ், உன் டப்பாலேர்ந்து அன்னைக்கு ஒரு பிடி குடுத்தியே, வெந்நீர்ல ஊற வெச்சு வேலியோரம் போட்டேன். ஒண்ணு பாக்கியில்லாம மொளச்சிட்ச்சு. வேலிக்கு மேல ஏறிகினு போவுது. உன் கைக்கு இன்னா கொறச்சலு? தெருவுல எவளோ இன்னாவோ சொன்னாளாமே, அவ வாயில மண்ண வெக்க!"

என் மனைவி, "ஆங். நல்லா இரு" என்றாள். இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டாள்.

பூக்கார அம்மா போன பிறகு நான் கூடத்திலிருந்து எழுந்து வந்தேன். யாரும் கேட்காமலே, "நம்ம வாளி மண்ணுல எதனா கோளாறு இருந்திருக்கும்" என்றேன்.

"கைதாங்க போச்சு. காது போவல" என்றாள்.

நான் நின்றேன்.

"மொத தபா தெரியல. ரெண்டாவது தபா மூடி துள்ற சத்தம் கட்டில் வரைக்கும் கேட்டுச்சு. வெதை வேவற வாசன எனக்குத் தெரியாதா? நாப்பது வருசம் அந்த அடுப்புலதானே நின்னேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. நீங்களா நிறுத்தறீங்களான்னு பாத்தேன்." கொஞ்ச நேரம் மல்லியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "மூணாவது தபா உங்க கையிலதான் குடுத்தேன். அதோட எனக்கு வுட்டுப்போச்சு. இந்த வூட்ல எனக்குக் கை எதுக்கு?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. நீ போய்விடுவாயோ என்று பயந்தேன் என்கிற மாதிரி ஏதோ.

"போன எடுத்துக் குடுங்க" என்றாள். "பொண்ணுகிட்ட பேசணும்."

மறுநாளே மகள் காரோடு வந்துவிட்டாள். காபி போட்டுக் கொடுக்கிற கையோடு போகவேண்டும் என்றிருந்தவள், மகள் ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம் தாங்க, மூடிய கையோடு வண்டியில் ஏறினாள். மகள் என்னைப் பார்த்து, "நைனா, நீயும் வாயேன். தனியா இன்னா பண்ணுவே?" என்றாள். எனக்குப் பதிலாக அவள் அம்மா சொன்னாள்: "உங்க நைனா தண்ணி கொதிக்க வெக்கறதெல்லாம் நல்லா கத்துகினாரு. பொழச்சிக்குவாரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி அரக்கோணம் போகிறேன். முதல் மாதம் வெறுங்கையோடு போனேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அங்கேயும் ஒரு பெண் வந்து கைக்குப் பயிற்சி கொடுக்கிறாள். விரலைப் பிரிக்கும்போது இவள் கத்துவதை அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆறு மாதம் தாண்டிவிட்டது, எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்று அந்தப் பெண் மகளிடம் சொன்னாள். மகள் அழுதாள். எனக்கும் சேர்த்து ஆறுதல் சொன்னாள்.

டப்பா எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. ஒன்பது விதை எடுத்து, என் கையை விட்டுப் பார்த்த சூட்டில் ஊறவைத்துப் போட்டேன். ஒன்பதும் முளைத்தன. இப்போது ஜன்னல் கம்பி தெரியாத அளவுக்கு நீலமாகப் பூத்திருக்கிறது. தெருவில் யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் ஒருமுறை பூக்களைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். "பூ இன்னாத்துக்கு? காய் முத்தனா கொண்டாங்க" என்றாள்.

தை முடிவில் காய் முற்றியது. கொண்டுபோனேன். மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். பையை வாங்கி ஆட்டிப் பார்த்து, "வெந்ததா, வேவாததா?" என்றாள். மகள், "அம்மாக்கு வாய் மட்டும் கொறயல பாருங்க" என்று சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு ஆசிரியர்கள் முன்னால் அவள் காபித் தட்டோடு நின்றது நினைவுக்கு வந்தது.

போன ஞாயிறு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பிளாஸ்டிக் டப்பா. இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, கட்டைவிரலை விதைமேல் வைத்து, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டோடு சேர்த்து நெருக்கினாள். விதை மேலே எழுந்தது. டப்பாவுக்குப் பாதி வழியில் வழுக்கி விழுந்தது. மறுபடி விரல்களைப் பிரித்தாள். அரைமணி நேரத்தில் ஒன்றுகூட உள்ளே விழவில்லை. போன வருடம் சித்திரையில் இதே கை ஒரு காயின் ஏழு விதையையும் எடுத்துப் போட்டது.

ஒரு விதை உருண்டு வந்து என் கால் விரலருகே நின்றது. நான் குனிந்தேன்.

"தொடாதீங்க" என்றாள்.

கையை இழுத்துக்கொண்டேன். அவள் இடது கையைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே உடம்பை இழுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக என்னை நோக்கி வந்தாள். வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கால எடுங்க" என்றாள்.

எடுத்தேன்.